கழலைக்குக் காரணம் யார்?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது தமிழர் பழமொழி. உப்பை இட்டவர் யார் என்று நாம் நினைத்ததுண்டு. இட்ட உப்பு எப்படிப்பட்டது என்று கேட்டதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அதை உழைக்கும் தோழர்களுக்கு எடுத்துக் கூறவே இந்தக் கட்டுரை.

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள பகுதியை நாமறிவோம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி அது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. அதன் பின்னர் சுங்குவார்சத்திரம், வல்லம்–வடகால், ஒரகடம் என்று ஆலைகள் அணிவகுத்தன. கார் இங்கே, கைப்பேசி இங்கே, கண்ணாடி இங்கே, டயர் இங்கே. உலகச் சந்தைக்குப் போகும் பண்டங்களைச் செய்யும் கரங்கள், திருவண்ணாமலையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் கடலூரிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த கரங்கள்.

அந்தக் கரங்களிலே ஒன்று தளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேற்று வரை சுறுசுறுப்பாக வேலை பார்த்த பெண்ணொருத்திக்கு இன்று கை ஓடவில்லை. எட்டு மணி நேரம் தூங்கியும் களைப்புத் தீரவில்லை. உண்பது குறைவு, உடம்போ பெருக்கிறது. மற்றவர்க்கு வியர்க்கும் இடத்தில் அவளுக்குக் குளிர்கிறது. முடி கொட்டுகிறது, மலம் சிக்குகிறது, மாதவிலக்கு தாறுமாறாகிறது, சொன்னது மறந்துபோகிறது. மேற்பார்வையாளர் என்ன சொல்வார்? "சோம்பேறி" என்பார். வருகைப் படி போகும். ஒப்பந்தத் தொழிலாளியானால் வேலையே போகும். உடன் வேலை செய்பவர்களும், "அவளுக்கு வேலையில் மனமில்லை" என்று பேசுவார்கள்.

மனம் இருக்கிறது, தோழர்களே! பழுதுபட்டது கழுத்திலே உள்ள சுரப்பி. அந்தப் பழுதுக்குப் பெயர் உண்டு, சோதனை உண்டு, மருந்தும் உண்டு. பழியை மட்டும் தொழிலாளியின் தலையில் சுமத்திவிட்டு, சோதனையையும் மருந்தையும் அவள் கண்ணில் காட்டாமல் வைத்திருப்பது என்ன நியாயம்?

கழுத்திலே ஒரு பட்டறை

நம் தொண்டைக் குமிழுக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போல் ஒட்டிக்கொண்டிருக்கிறது தைராய்டு என்னும் சுரப்பி. எடை சுமார் 20 கிராம். உடம்பிலுள்ள ஒவ்வொரு உறுப்பும் எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் சாறு இங்கேதான் உற்பத்தியாகிறது. இதயத் துடிப்பு, உடற்சூடு, செரிமானம், சிந்தனை எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை.

அந்தச் சாற்றைச் செய்ய அயோடின் என்ற கச்சாப்பொருள் வேண்டும். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டு வாழ்ந்தாலும் வாழ்நாள் முழுவதற்கும் வேண்டிய அயோடின் ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். ஆனால் அதை மொத்தமாக விழுங்கிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. நாள்தோறும் சிறிது சிறிதாக வந்து சேர வேண்டும்.

வராவிட்டால் என்ன ஆகும்? ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூளையின் அடியிலே பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு மேஸ்திரி உட்கார்ந்திருக்கிறார். இரத்தத்தில் தைராய்டுச் சாறு குறைந்தால் "இன்னும் செய், இன்னும் செய்" என்று கட்டளை அனுப்புவது அவர் வேலை. அந்தக் கட்டளைக்குத்தான் மருத்துவர்கள் டி.எஸ்.எச். என்று பெயரிட்டிருக்கிறார்கள். சரக்கு இல்லாத பட்டறைக்குக் கட்டளைமேல் கட்டளை வந்தால் என்ன செய்யும்? கொட்டகையை விரிக்கும், ஆளைப் பெருக்கும். சுரப்பியும் அதையே செய்கிறது. திசுக்கள் பெருகுகின்றன, கழுத்து வீங்குகிறது. அதுவே கழலை. நாளாக நாளாக அந்த வீக்கத்துக்குள்ளே முடிச்சு முடிச்சாகக் கட்டிகளும் தோன்றும்.

ஆக, கழலை என்பது சோம்பேறியின் அடையாளமன்று. கச்சாப்பொருள் கொடுக்கப்படாமலே ஓயாது உழைக்கப் பணிக்கப்பட்ட ஓர் உறுப்பின் அடையாளம்!

மலைநாட்டு நோய்தானா?

"கழலை இமயமலைக்காரர் நோய், கடலோரத் தமிழனுக்கு அது ஏது?" என்று கேட்பவர் உண்டு. இமயத்தில் அது கொடுமையாக இருந்தது உண்மைதான். மழையும் பனியாறும் மண்ணிலுள்ள அயோடினை அரித்துக் கொண்டுபோய்விட்டன. பிற்காலத்தில் நம் குன்னூரிலே உணவாராய்ச்சிக்கூடம் நடத்திய ராபர்ட் மக்காரிசன், அதற்கு முன் கில்கிட் பகுதியிலே கழலையைத்தான் ஆராய்ந்தார்.

வழி காட்டிய சோதனை 1956-ல் காங்க்ரா பள்ளத்தாக்கிலே தொடங்கிற்று. டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய கூட்டாளிகளும் சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழும் பகுதியை மூன்றாகப் பிரித்தனர். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. தொடக்கத்தில் நூற்றுக்கு 38 பேர் அளவில் கழலை இருந்தது. ஆறு ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் அது ஏறக்குறையப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. சாதாரண உப்பு உண்ட பகுதியில் குறையவே இல்லை. பின்னர் அங்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது, அங்கும் கழலை இறங்கிற்று. கத்தியில்லை, இரத்தமில்லை; உப்பு மட்டுமே. 1962-ல் இந்திய அரசு தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

நாளடைவில் இன்னோர் உண்மையும் தெளிவாயிற்று. கடலோரமும் சமவெளியும் இந்தக் குறைக்கு விலக்கல்ல. கடல் நீரில் அயோடின் உண்டு. ஆனால் அந்த நீரைப் பாத்தியில் காய்ச்சி எடுக்கும் உப்பில் மிஞ்சுவது அற்பம். "கடலுப்புத் தின்கிறோம், கவலை எதற்கு?" என்பது கவைக்குதவாத வாதம். வெளியே தெரியும் கழலை குறையின் ஒரு முகமே. கருவுற்ற தாய்க்கு அயோடின் போதாவிட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சியே குன்றும். அதனால்தான் 1992-ல் அந்தத் திட்டத்தின் பெயரையே அயோடின் குறைபாட்டு நோய்த் தடுப்புத் திட்டம் என்று மாற்றினார்கள்.

உப்பு விளையும் நாட்டில்

இனித் தமிழகத்தின் கதையைக் கேளுங்கள். தூத்துக்குடியில் உப்பு, வேதாரண்யத்தில் உப்பு, மரக்காணத்தில் உப்பு. நாட்டுக்கே உப்பு அனுப்பும் மாநிலங்களில் ஒன்று நம்முடையது. 2018–19-ல் நாடு முழுவதும் எடுத்த அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் சேர்ந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நூற்றுக்கு 76.3 என்று கண்டார்கள். எந்த மாநிலம் கடைசி? தமிழகம்! நூற்றுக்கு 61.9 வீடுகள்தான். காஷ்மீரத்திலும் நாகாலாந்திலும் நூற்றுக்கு 99-க்கும் மேல். உப்புக்காக வெளியூரை நம்பியிருப்பவனுக்கு நல்ல உப்புக் கிடைக்கிறது, உப்பை விளைவிப்பவன் வீட்டிலே குறை உப்பு. விந்தையல்லவா? ஒடிசாவும் ஜார்க்கண்டும் அந்தக் கணக்கிலே பின்வரிசைதான். வடக்கிலிருந்து வந்த தோழனும் தெற்கிலே பிறந்த தோழனும் இந்தக் குறையிலே ஒன்றாகத்தான் நிற்கிறார்கள்.

காரணம் மறைபொருளல்ல. உப்பளம் பக்கத்திலேயே இருப்பதால் அயோடின் சேராத கல்லுப்பு எளிதிலே வீடு வந்து சேர்கிறது, விலையும் குறைவு. ஆளவந்தார் சட்டமும் ஊசலாடிற்று. அயோடின் சேராத உப்பை உணவுக்கு விற்கக் கூடாது என்று 1998-ல் மத்திய அரசு தடை போட்டது. 2000-ல் அதுவே தடையை நீக்கிற்று. 2006-ல் மீண்டும் போட்டது. 2011-ல் உச்சநீதிமன்றம் அந்த விதி பழைய சட்டத்துக்குப் பொருந்தாது என்று சொல்லி, புதிதாக ஒழுங்கு செய்ய அவகாசம் கொடுத்தது. அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் தடை மீண்டும் இடம்பெற்றது.

தடையை எதிர்த்தவர்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதை மறைக்க மாட்டோம். "அயோடின் என்ற பெயரால் பெருமுதலாளி பொட்டலம் போட்டு விலை ஏற்றுவான், சிறு உப்பளக்காரன் அழிவான்" என்றார்கள். அந்த அச்சத்துக்கு மருந்து, ஏழையின் உப்பிலிருந்து அயோடினை எடுத்துவிடுவது அல்ல. அயோடின் சேர்க்க ஆகும் செலவு கிலோவுக்குச் சில காசுகளே. சிறு உப்பளங்களுக்குப் பொதுக் கலவை நிலையம் வைத்துக் கொடுக்க முடியாதா? முடியும். 1974-ல் நிறுவப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகம் இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் உப்பு விளைவித்து, அயோடின் சேர்த்து, நியாயவிலைக் கடை வரை கொண்டுவந்து காட்டியிருக்கிறது. பொதுத்துறை நினைத்தால் மலிவும் நலமும் ஒரே பொட்டலத்தில் அடங்கும்.

அயோடின் மட்டுமே காரணமா?

அல்ல. உப்பைச் சரிசெய்தால் சுரப்பி நோயெல்லாம் ஓடிவிடும் என்று சொன்னால் அது பொய். சென்னை உள்ளிட்ட 8 நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து 2013-ல் வெளியிட்ட ஆய்விலே, நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேருக்குச் சுரப்பு குறைந்திருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் முதன்மையான காரணம் வேறு: நோயை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவற்படையே தவறாகச் சுரப்பியைத் தாக்குகிறது. 1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ இதை விவரித்தார். இன்னும் சிலருக்குச் சுரப்பு மிஞ்சிப்போகும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நன்றாக உண்டும் உடல் மெலியும், கண் பிதுங்கும். திருகாணியைப் பொருத்தும் விரல் நடுங்கினால் அதற்கும் "கவனக்குறைவு" என்றுதான் பெயர் சூட்டுவார்கள்!

கண்டுபிடிக்கச் சிறிதளவு இரத்தம் போதும். மேஸ்திரியின் கட்டளைச் சீட்டு எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதே டி.எஸ்.எச். சோதனை. அளவு ஏறியிருந்தால் பட்டறை தேங்கியிருக்கிறது என்று பொருள். சுரப்பு குறைந்தவருக்கு மருந்து, தைராக்ஸின் மாத்திரை. வாழ்நாள் முழுதும் நாளுக்கு ஒன்று தேவைப்படலாம், விலை குறைவானதுதான்.

இரவு முறை வேலை செய்யும் தோழர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "காலையில் வெறும் வயிற்றில்" என்று மருத்துவர் எழுதுவார். காலையிலேதான் வேலை முடிந்து வந்து உண்டு படுக்கிறவன் என்ன செய்வான்? மாத்திரையையே விட்டுவிடுகிறான். விடக் கூடாது. வயிறு காலியாக உள்ள, நாள்தோறும் மாறாத ஒரு நேரத்தை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தூங்கப் போகும்போது, உண்டு மூன்று மணி நேரம் கழிந்த பின் போடுவதும் பயன் தரும். மாத்திரை போட்டு அரைமணி முதல் ஒருமணி வரை தேநீர் வேண்டாம். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கருவுற்ற பெண்கள் ஒருநாளும் தாமாக நிறுத்தக் கூடாது. அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம் என்பதால் உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

கொரியா தரும் பாடம்

இன்னொரு பக்கத்தையும் எச்சரிக்க வேண்டியவர்களாக இருக்கிறோம். கழுத்திலே கட்டி என்றதும் புற்றுநோய் என்று நடுங்குவோர் பலர். நூறு கட்டிகளில் தொண்ணூறுக்கும் மேல் தீங்கற்றவை. சந்தேகத்துக்குரியதை மெல்லிய ஊசியால் சிறிது திசு எடுத்துப் பார்த்து மருத்துவர் தெளியலாம். கட்டி வேகமாக வளர்ந்தாலும், குரல் கம்மினாலும், விழுங்கச் சிரமமானாலும் தாமதிக்கக் கூடாது. ஆனால், எந்தக் குறையும் இல்லாதவர் கழுத்தையெல்லாம் ஸ்கேன் கருவியால் துழாவுவது நன்மையன்று.

இதை நமக்குக் கற்றுத் தந்த நாடு எது தெரியுமா? நம் பகுதியிலே கார் ஆலையும் மின்சாதன ஆலையும் வைத்திருக்கும் முதலாளிகளின் தாய்நாடான தென்கொரியாதான். அங்கே மற்றப் புற்றுநோய்ச் சோதனைகளோடு, சிறு தொகைக்குக் கழுத்து ஸ்கேனையும் சேர்த்து விற்றார்கள். 1993-ல் இருந்ததைப் போல் 15 மடங்கு தைராய்டுப் புற்றுநோய் 2011-ல் கண்டுபிடிக்கப்பட்டது. இறப்பு குறைந்ததா? குறையவில்லை, இருந்தபடியே இருந்தது. வாழ்நாளில் ஒருபோதும் தொல்லை தந்திராத நுண்கட்டிகளுக்காகப் பல்லாயிரவர் கழுத்தை அறுத்துக்கொண்டார்கள். சிலர் குரலை இழந்தார்கள். 2014-ல் அந்நாட்டு மருத்துவர்களே முன்வந்து எச்சரித்த பின்னரே அறுவைகள் குறைந்தன.

ஆகவே, "முழு உடல் பரிசோதனைச் சலுகை" என்று விளம்பரம் வந்தால் மயங்காதீர்கள். அறிகுறி உள்ளவருக்கு இரத்தச் சோதனை. கட்டி தென்பட்டவருக்கு மருத்துவர் சொன்னபடி ஸ்கேன். தேவையுள்ளவனுக்குக் கிடைக்காமலும் தேவையற்றவனுக்கு விற்கப்படுவதுமான மருத்துவம் வாணிகமே தவிர வைத்தியமல்ல.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

உணவு தொழிலாளர் பிரச்சினையா என்று ஐயுறுவோருக்கு 2021 டிசம்பரை நினைவூட்டுகிறோம். விடுதி உணவு நஞ்சாகி, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக்கிடந்தது. விடுதியும் உணவுக்கூடமும் தரத்தில் இல்லை என்பதை உலகப் பெருநிறுவனமான ஆப்பிளே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம்–வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. கெட்ட உணவு ஓரிரவில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அயோடினில்லா உப்போ காட்டிக்கொடுக்காது, ஆண்டுக்கணக்கில் அரிக்கும். ஆயிரக்கணக்கானோர் ஒரே அடுப்பில் உண்ணும் இடத்தில், ஒரு மூட்டை உப்பை மாற்றினால் ஆயிரக்கணக்கானோர் கழுத்துக் காக்கப்படும்!

எனவே நமது கோரிக்கைகள் எளியவை. முதலாவது, ஒவ்வோர் ஆலைச் சாப்பாட்டுக்கூடத்திலும் விடுதியிலும் அயோடின் உப்பே பயன்பட வேண்டும். உண்பவர் கைக்கு வரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. உப்பின் மேல் ஒரு சொட்டு விட்டால் நீலம் பாரிக்கும் சோதனைத் திரவம் உண்டு; சங்கத் தோழர்களே அதைச் செய்து பார்க்கலாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், சாப்பாட்டுக்கூட நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதி இருக்க விதி செய்யச் சொல்லிற்று. 2025 நவம்பர் முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள புதிய தொகுப்புச் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் இருந்தாலே சாப்பாட்டுக்கூடம் என்கிறது. சட்டத்தின் பெயர் மாறலாம். சட்டியில் விழுவது என்ன என்று கேட்கும் உரிமை மாறக் கூடாது.

இரண்டாவது, அறிகுறியோடு வரும் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் டி.எஸ்.எச். சோதனையும் தடையின்றி மாத்திரையும் கிடைக்க வேண்டும். 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய இந்தக் காப்புறுதி யாருடைய பிச்சையுமன்று. தொழிலாளியின் கூலியிலிருந்து மாதந்தோறும் பிடித்த பணம் அதில் இருக்கிறது. ஒப்பந்தத் தோழர்கள், தங்கள் பெயருக்குப் பிடித்தம் உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்று இன்றே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மருத்துவச் சான்று காட்டியவரின் தளர்ச்சியைக் குற்றமாக்கி வேலையைப் பறிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் மீண்டும் நிமிர்ந்து உழைக்கப்போகிறவரை, அந்தச் சில வாரம் பொறுக்காமல் தெருவில் விடுவது எந்த ஆலைக்கு இலாபம்?

வீட்டிலும் செய்ய வேண்டியது உண்டு. உப்பை அதிகம் தின்னச் சொல்லவில்லை. நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும், உள்ளது அயோடின் உப்பாக இருக்கட்டும். மூடிய பாத்திரத்தில், அடுப்பின் அனலும் ஈரமும் படாமல் வையுங்கள். வாங்கும்போது பொட்டலத்தில் அயோடின் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

நாளை வேலைக்குள் நுழையும் தோழர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். பக்கத்து இடத்தில் தளர்ந்து நிற்பவரைச் "சோம்பேறி" என்று சொல்லுமுன், அவர் கழுத்தை ஒருமுறை பாருங்கள், களைப்பை விசாரியுங்கள், மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். பிறகு சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய், அங்கே நிற்கும் உப்பு மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதன்மேல் அயோடின் என்று எழுதியிருக்கவில்லையென்றால், கழலைக்குக் காரணம் யார் என்ற கேள்விக்கு விடை அந்த மூட்டையிலேயே இருக்கிறது.